தளங்கள்: இல்லை. சக்கரங்கள்: எட்டு

விண்ணப்பத்தின் ஏழாவது பத்தியில்
தளங்களின் எண்ணிக்கை கேட்டிருந்தார்கள்.
இல்லை என்று எழுதினேன்.
பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்ததால்
சக்கரங்கள் எட்டு என்று சேர்த்தேன்.
வினை அங்கேதான் தொடங்கியது.

மீட்டர்கேஜ் பெட்டி. இரண்டாம் வகுப்பு.
பொன்மலை ஏலத்தில் எடைக்குப் போகவிருந்ததை
நெய்னா முழுசாக எடுத்தார்,
தம்மாமில் பதினோரு வருடம்
அடுத்தவர் சுவரில் ஏசி மாட்டிய காசில்.
டிரெய்லரில் அது வந்த இரவு
மூங்கிலால் கரண்டுக் கம்பியைத் தூக்கிப் பிடிக்க
ஆறு ஆட்களோடு நான் முன்னால் நடந்தேன்.
நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
மன்னை எக்ஸ்பிரஸ் போய் முடியும்வரை
லாரிகளுக்கும் கரும்பு டிராக்டருக்கும் நடுவில்
எங்கள் ரயில் பெட்டி
ரயிலுக்காகக் காத்து நின்றது.

முந்நூறு மீட்டர் தண்டவாளம், ஒரு நடைமேடை,
கைகாட்டி மரம், தள்ளு டிராலியில் ஒரு சுற்று.
பெட்டிக்குள் டீ, சமோசா.
பெரியவர்க்கு முப்பது, சிறுவர்க்குப் பதினைந்து.
இது நாங்கள் போட்ட கணக்கு.
அடங்கலில் இருந்தது ஒரே சொல்: நஞ்சை.

“ஓடுமா?” என்றார் கிராம நிர்வாக அலுவலர்.
“பெட்டி ஓடாது சார்.”
“ஓடாதுன்னா கட்டடம். நகர் ஊரமைப்புல வாங்கணும்.”
“அப்ப ஓடும்னு வெச்சுக்குங்க.”
“ஓடும்னா ரயில்வேயைக் கேக்கணும். திருச்சி.”
திருச்சி நாலு மாதம் கழித்து எழுதியது:
விற்ற பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல.
அதையும் மூன்று நகல் எடுத்து
சான்றொப்பம் வாங்கி இணைத்தேன்.

வேளாண் அலுவலகத்தில் ஒருவர் கனிவாகவே சொன்னார்,
“இது பாதுகாக்கப்பட்ட மண்டலம்மா.”
எங்களிடமிருந்தா என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை. ஏனென்றால்
அனுமதிக்கு முன்பே
முப்பது லோடு ஜல்லி கொட்டியிருந்தோம்.
எந்த நகலிலும் இல்லாத தகவல் அது.

கிராம சபையில் தையல்நாயகி எழுந்தார்.
மூன்று மா குத்தகை, எங்களுக்கு மேற்கே.
“ரயிலு வுடு, பஸ்ஸு வுடு, கப்பலு வேணாலும் வுடு.
என் தண்ணிய வுடு.”
சிரித்தார்கள்.
யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்றார் நெய்னா.
நானும் அப்படித்தான் நினைத்தேன், ஐப்பசி வரை.

அன்று மாலையிலிருந்து விடாத மழை.
பெட்டி ஒழுகுகிறதா பார்க்க டார்ச்சோடு போனேன்.
பெட்டி ஒழுகவில்லை.
கரைக்குக் கிழக்கே கணுக்கால் தண்ணீர்.
மேற்கே, நட்டு இருபது நாளான சம்பா
தலைமுடி மாதிரி நீருக்குள் அலைந்தது.
வடிவாய்க்காலை நான்தான்
வரைபடத்தில் ஸ்கேல் வைத்து நீலத்தில் இழுத்திருந்தேன்.
மண்ணில் அது ஆறு அங்குலக் குழாய்,
வாயில் ஆகாயத்தாமரை.

தையல்நாயகி அங்கே இருந்தார், மண்வெட்டியோடு.
என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.
“லைட்டைக் கீழ காட்டு” என்றார்.
காட்டினேன்.
பதினொரு மணியிலிருந்து இரண்டு வரை
எங்கள் கரையை அவர் வெட்ட
நான் வெளிச்சம் பிடித்தேன்.
இருபது அடி போயிற்று. நாலு ஸ்லீப்பர் போயிற்று.
இரண்டு தண்டவாளங்கள் மட்டும் அந்தரத்தில் தொங்க
அடியில் முதல் வண்டி புறப்பட்டது,
தவளைகளும் எங்கள் ஜல்லியும் ஏறிக்கொண்டு.

நெய்னா நாலு நாள் பேசவில்லை.
ஐந்தாம் நாள் வெட்டின் ஓரத்தில் குந்தியிருந்து
“பாலம் இருந்தாத்தான் ரயிலுன்னே தோணுது சபுரா” என்றார்.
திருத்திய வரைபடம், மறுபடி மூன்று நகல்.
ஏழாவது பத்தியில் ‘இல்லை’ செல்லாதாம்.
ஒன்று என எழுதினேன்,
கீழே தண்ணீர் போகும் என்று சேர்த்தேன்.
இடம் இருந்தது.

இன்னும் உத்தரவு வரவில்லை.
சர்வேயர் வந்தார். சங்கிலி பிடித்தார். அளந்தார்.
மதியம், கேட்காமலேயே பெட்டியில் ஏறி
ஜன்னலோர இருக்கையில் டிபன் பாக்ஸைத் திறந்தார்.
ஷட்டரை உயர்த்தினார். கொக்கி பிடிக்கவில்லை.
ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு
அசையாத வயலைப் பார்த்தபடி
மறு கையால்
புளிச்சோற்றை முழுக்கச் சாப்பிட்டு முடித்தார்.